மதியம் தூங்கும் ரோபோ

"நாலு மணிக்கு முடிவு பண்ணிடுவாங்களாம்க்கா" என்றாள் தையல்காரம்மா போனில். அவளுக்குப் பின்னால் டயாலிசிஸ் மெஷின் விட்டு விட்டுக் கத்தியது. "அதுக்குள்ள கண்டுபிடிச்சிடுவீங்கல்ல?"

க்ளெய்ம் அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது.

"பார்க்கறேம்மா."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய் க்ளெய்ம் பிடித்து, அந்த வேலையே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டவள் அவள், இப்போது தனியாகத் துப்பறிகிறவள். 'பார்க்கறேன்' என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள். அதில் தொள்ளாயிரம் பேருக்கு 'முடியாது' என்பதைத்தான் நாசூக்காகச் சொல்லியிருந்தாள். இந்த முறை அப்படி ஆகிவிடக் கூடாதே என்று இருந்தது.

பக்கத்தில் நின்ற அவள் தம்பி லிஃப்ட் பட்டனை ஏழாவது தடவையாக அழுத்தினான். தம்பி என்றதும் அரும்பு மீசையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவனுக்கு வயசு நாற்பத்திரண்டு, அவன் தொப்பைக்குப் பத்து. மூன்று சாஃப்ட்வேர் கம்பெனிகளில் டெஸ்டராக இருந்து, 'இனிமேல் மெஷினே சோதித்துக்கொள்ளும்' என்று மூன்றிலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். இரண்டு வருஷமாக அக்காவுக்கு டிரைவர், உதவியாளன், கூடவே வாய்.

"ஒரு மணிக்குள்ள முடிச்சிடுக்கா. ஒண்ணு பத்துக்கு நான் சார்ஜ் போடணும்."

சார்ஜ் என்றால் தூக்கம். ஒன்று பத்திலிருந்து ஒன்று ஐம்பது வரை. போனை அணைத்துவிட்டு, உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்து, கிடைக்காவிட்டால் சுவரில் சாய்ந்து. அவன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணோம் என்று பெண் வீட்டார் பதறியபோது, அக்கா மட்டும் மணியைப் பார்த்தாள். நேராக சாமான் அறைக்குப் போய், நாற்காலி அடுக்குக்குப் பின்னாலிருந்து எழுப்பிக் கூட்டிவந்தாள். தான் துப்புத் துலக்கிய முதல் கேஸ் அதுதான் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

"இன்னிக்கு சார்ஜும் கிடையாது, கிர்ஜும் கிடையாது" என்றாள். "வா, படியில ஏறலாம்."

"ஆறு மாடியா? ஏற்கெனவே ஒரு உசிரு ஊசலாடுது, என்னையும் ஏன்க்கா சேர்க்கறே?"

விஷயம் இதுதான். எட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, கிட்னிக்குக் காத்திருப்பவர்களின் வரிசையை ஒரு பிளாக்செயினில் வைத்திருந்தன. எட்டு இடத்திலும் ஒரே நோட்டு. எந்த ஒரு ஆஸ்பத்திரியும் தனியாக ஒரு எழுத்தைக்கூட அடித்து எழுத முடியாது. பொருந்துகிறவர்களில் யார் முன்னால் பதிந்தாரோ அவருக்கே கிட்னி. தையல்காரம்மாவின் கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். ஆறு வருஷம் இரண்டு மாதம் காத்திருந்து போன வாரம் முதலிடத்துக்கு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த மென்பொருளைப் புதுப்பித்தார்கள். திங்கட்கிழமை பார்த்தால் பூட்டுக்காரர் வரிசையின் வாலில் கிடக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சேர்ந்த புது ஆள் என்கிறது திரை. இன்று செவ்வாய். காலை ஒன்பது மணிக்கு அவருக்குப் பொருந்தும் கிட்னி ஒன்று வந்தே விட்டது. எடுத்த கிட்னி ஒரு நாளைக்கு மேல் தாங்காது.

யாரோ லஞ்சம் கொடுத்துப் புகுந்துவிட்டார்கள் என்று ஊரே சொன்னது. அக்காவும் நேற்று வரை அதைத்தான் நம்பினாள். ஆனால் பூட்டுக்காரர் போனதால் முதலிடத்துக்கு வந்தவர் ஒரு பஸ் கண்டக்டரம்மா. ஐந்து வருஷம் பதினோரு மாதமாகக் காத்திருக்கிறவர். தனக்கு முன்னால் ஒருவர் இருந்ததே அவருக்குத் தெரியாது. நேற்று சாயங்காலம் அவர் வீட்டு வாசலிலேயே லஞ்சக் கதை செத்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு நூல். புதுப்பிப்பதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை சோதனை செய்தார்கள், சோதனை பாஸ். பாஸான சோதனை எப்படி ஒரு மனுஷனைத் தொலைத்தது?

ஆறாவது மாடியில்தான் அந்த மென்பொருளைப் பராமரிக்கும் கம்பெனி. எட்டு மேஜை, ஒரு காபி மெஷின், சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. திரையில் வரிசையாகப் பச்சை டிக். டீம் லீடர் தாடியை நீவிக்கொண்டே வந்தார். ஆபீஸில் எல்லோரும் அவரைத் தாடி என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் அதற்குத்தான் திரும்பினார். அவருக்குப் பின்னால் குருவி. குரல் சின்னது, கண்ணாடி பெரியது. ஞாயிற்றுக்கிழமைப் புதுப்பிப்பை எழுதியவளும் அவள்தான், அனுப்பும் பட்டனை அழுத்தியவளும் அவள்தான். இரண்டு நாளாக அவளோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை என்பது, அவள் மேஜையைச் சுற்றி நாற்காலிகள் விலகியிருந்ததிலேயே தெரிந்தது.

"பச்சையா இருந்துச்சுக்கா" என்றாள் குருவி, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. "பச்சைன்னா போகலாம்னுதானே அர்த்தம்?"

"உட்காரும்மா. முதல்ல எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. போன்ல மைக்ரேஷன், மைக்ரேஷன்னு சொன்னீங்களே, அது என்ன?"

தாடி வாயைத் திறந்தார். தம்பி முந்திக்கொண்டான்.

"இவர் சொல்லி முடிக்க நாலு மணி ஆயிடும், நான் சொல்றேன். குடித்தனம் நடக்கும்போதே வீடு மாத்தறதுக்கா. அடுப்புல பால் காயுது, பாத்ரூம்ல குழந்தை குளிக்குது. அப்படியே எல்லாத்தையும் அலுங்காம தூக்கிப் புது வீட்ல வெக்கணும். பாலும் பொங்கக் கூடாது, குழந்தையும் சோப்போட தெருவுல நிக்கக் கூடாது."

"கிட்டத்தட்ட அதேதான் மேடம்" என்றார் தாடி, கொஞ்சம் சுருக்கென்று. "செயினை ஒரு நிமிஷம்கூட நிறுத்த முடியாது. ஓடும்போதே பழைய பதிவையெல்லாம் புது வடிவத்துக்கு மாத்தணும்."

"ஒத்திகை பார்க்க மாட்டீங்களா?"

"அதுக்குத்தான் பைப்லைன்." தாடியின் முகத்தில் பெருமை வந்துவிட்டது. "ப்ரோக்ராம் கோடுல ஒரு புள்ளி மாறினாலும் தானா கிளம்பும். நிஜ லிஸ்டோட நகலை இறக்கும். அந்த நகல் மேல மைக்ரேஷனை ஓட்டும். முன்னாடி இருந்த வரிசையும் அப்புறம் வர்ற வரிசையும் ஒண்ணான்னு ஒவ்வொரு பதிவா பார்க்கும். சரின்னா பச்சை. தப்புன்னா சிவப்பு. சிவப்பு விழுந்தா எங்க எம்.டி. நினைச்சாலும் வெளிய அனுப்ப முடியாது. மனுஷன் கையே படாது மேடம்."

"அதான் பாருங்க, என் கை காலியா இருக்கு" என்று தம்பி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினான்.

"போன வெள்ளிக்கிழமைச் சோதனையோட ரிப்போர்ட்டைக் கொண்டாங்க" என்றாள் அக்கா.

திரையில் வந்தது. மேலே பெரிய பச்சை டிக். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. க்ளெய்ம் பாரத்தை எப்போதும் அடியிலிருந்து மேலே படிப்பது அவள் பழக்கம். மேலே எழுதியிருப்பது எழுதியவன் நீ பார்க்க வேண்டும் என்று நினைத்தது, உண்மை அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் என்பாள்.

"கீழ என்ன போட்டிருக்கு? கண்ணுக்குத் தெரியல."

"சரிபார்த்தது ஆயிரத்து இருநூத்தி ஆறு. தவறு பூஜ்யம்" என்று படித்தார் தாடி.

"லிஸ்ட்ல மொத்தம் எத்தனை பேரு?"

தாடி தட்டினார். நின்றார். மறுபடி தட்டினார்.

"ஆயிரத்து இருநூத்திப் பதினேழு."

"மிச்சம் பதினோரு பேரு காபி மெஷின்கிட்ட நிக்கறாங்களா?" என்றான் தம்பி.

தாடியின் முகத்தில் ஈயாடவில்லை. குருவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டு பார்த்தாள். எண் மாறவில்லை. அத்தனை பேர் அந்த ரிப்போர்ட்டை ஐந்து நாளாகப் பார்த்திருக்கிறார்கள். பச்சையைப் பார்த்த கண் எண்ணைப் பார்க்கவில்லை.

பதினைந்து நிமிஷம் தேடியதில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் ஒரு ஃபைல் கிடைத்தது. அதன் தலைப்பு 'அப்புறம்'.

"சோதனையில திரும்பத் திரும்பத் தகராறு பண்ற பதிவு இருந்தா இதுல தள்ளி வெச்சிடும் மேடம்" என்றார் தாடி. குரல் இறங்கியிருந்தது. "ஒரு பதிவுக்காக மொத்த வேலையும் நிக்கக் கூடாதே. அதை அப்புறம் பார்க்கலாம்னு…"

"எப்போ பார்ப்பீங்க?"

தாடி மென்று விழுங்கினார். "இதுவரைக்கும் பார்த்ததில்ல."

ஃபைலில் பதினோரு எண்கள் இருந்தன. நான்காவது எண்ணை அக்கா தன் நோட்டில் இருந்ததோடு ஒப்பிட்டாள். பூட்டுக்காரர்தான்.

"எல்லாம் முதல் வாரத்துல பதிஞ்சவங்க" என்றாள் குருவி. சொல்லச் சொல்லவே அவளுக்குப் புரிந்துகொண்டு வந்தது. "அந்த வாரம் தேதி மட்டும்தான் பதிஞ்சிருக்காங்க, மணி இல்ல. புது வடிவத்துக்கு மணியும் வேணும். கிடைக்கலைன்னா 'இப்போ'ன்னு போட்டுடும். ஐயோ, அதனாலதான் ஞாயித்துக்கிழமை! அக்கா, போன வாரம் முதல் ரெண்டு தடவை எனக்குச் சிவப்புதான் வந்துச்சு. மூணாவது தடவையும் சிவப்பு. ஏதோ திருத்திட்டு நாலாவது தடவை ஓட்டினேன், பச்சை ஆயிடுச்சு. என் திருத்தம் வேலை செஞ்சிடுச்சுன்னு நினைச்சு எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன்."

அவள் அழுதாள். தாடி டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். இரண்டு நாளில் யாரும் அவளுக்குச் செய்த முதல் உபகாரம் அதுவாகத்தான் இருக்கும்.

"அவங்களை இந்த ஃபைல்ல தள்ளினது யாரு?" என்றாள் அக்கா.

"ரோபோ மேடம். ரோபோன்னா மெஷின் இல்ல, ஒரு சின்ன ப்ரோக்ராம். பைப்லைனையே அதுதான் கிளப்பி விடும். ஒரே பதிவு மூணு தடவை தொடர்ந்து தப்பா வந்தா ஓரம் கட்டிடும்."

"அதை எழுதினது யாரு?"

"நாங்க இல்ல. இது பொதுவுல இலவசமா கிடைக்குது. எழுதினவர் பேர் இல்ல. எங்களுக்கு முன்னாடி இருந்த டீம் கொண்டுவந்து மாட்டியிருக்காங்க. நூத்துக்கணக்கான கம்பெனியில இதுதான் ஓடுது."

"காட்டுங்க."

ஒரே ஒரு பக்கம். தம்பி தொப்பை மேஜையில் இடிக்கக் குனிந்து படித்தான். அக்காவுக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் நிமிர்ந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. சாதாரண கோடுதான்."

எழுதியவனைக் கண்டுபிடித்தால் சரிசெய்யும் வழியும் சீக்கிரம் கிடைக்கும் என்று அக்கா நினைத்தாள். கோடு புரியாவிட்டால் என்ன, பழக்கம் புரியுமே. பொய் க்ளெய்ம் எழுதுகிறவனை அவள் எப்போதும் பழக்கத்தை வைத்துத்தான் பிடித்திருக்கிறாள். ரோபோ எந்தெந்த நேரம் வேலை செய்தது என்ற பட்டியலைக் கேட்டாள். தாடி மூன்று வருஷத்துப் பட்டியலைத் திறந்து, வேகமாக மேலே உருட்டினார்.

"நிறுத்துங்க. இந்த மெஷின் தினமும் மத்தியானம் எங்க போகுது?"

"என்ன மேடம்?"

"ஒவ்வொரு நாளும் நடுவுல ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. காலையில ஓடுது, ராத்திரி ஓடுது, ஞாயித்துக்கிழமையும் ஓடுது. மத்தியானம் மட்டும் கொஞ்ச நேரம் ஆளைக் காணோம்."

"அதுவா? சர்வர் பராமரிப்புன்னு நினைச்சோம். நாங்க வந்ததிலேர்ந்து அப்படித்தான். ஒழுங்கா ஓடறதை எதுக்குத் தொடணும்னு விட்டுட்டோம்."

"எத்தனை மணிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும்?"

தாடி திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "ஒண்ணு பத்துலேர்ந்து ஒண்ணு ஐம்பது."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று பதினெட்டு. பிறகு மெதுவாகத் தம்பியைப் பார்த்தாள்.

அவன் விழித்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்தன்று தூங்கியவன். அப்பா இறந்த மறுநாளும், ஆஸ்பத்திரியில் அவன் பெண் பிறந்த அன்றும், சரியாக அந்த நாற்பது நிமிஷம் தூங்கியவன். இன்றைக்கு ஒன்று பதினெட்டுக்குக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அரை மணி நேரமாக ஒரு ஜோக் இல்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஒரு நிமிஷம்" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, அவன் தோளைத் தொட்டாள். அவன் எதுவும் கேட்காமல் எழுந்து வந்தான்.

மாடிப்படித் திருப்பத்தில் ஜன்னல் ஓரம் நின்றார்கள். கீழே ஒரு ஆள் காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தான். சாதாரணமாக இருந்தால் தம்பி அதற்கே பத்து நிமிஷம் வர்ணனை சொல்லியிருப்பான்.

"எப்போ தெரிஞ்சுது?" என்றாள் அக்கா.

"நாலாவது வரியில."

"சொல்லியிருக்கலாமேடா."

"வாய் வரலக்கா." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சினிமா டிக்கெட் ஆப்புக்கு எழுதினது. நாலு வருஷம் முன்னாடி. எப்பவும் ஏதாவது ஒரு சீட்டு தகராறு பண்ணும். அந்த ஒத்த சீட்டுக்காக மொத்த வேலையும் நிக்கும். சரியா நான் கண்ணை மூடற நேரத்துல போன் வரும். கடுப்பாயிட்டேன். மூணு தடவை தப்பு வந்தா அந்த சீட்டை ஓரம் கட்டிட்டு மத்ததைப் பாரு, ஒண்ணு பத்துலேர்ந்து ஒண்ணு ஐம்பது வரைக்கும் நீயும் தூங்கு, என்னையும் எழுப்பாதேன்னு எழுதினேன். ஆபீஸ்ல எல்லாரும் கை தட்டினாங்க. நல்லாத்தானே இருக்கு, நாலு பேருக்கு உபயோகப்படட்டும்னு பொதுவுல போட்டேன். பேர்கூடப் போடலை."

"சீட்டு" என்றாள் அக்கா.

"ஆமா. சீட்டு. அது காலியா கிடந்தா யாருக்கு என்ன? ஒருத்தன் படம் பார்க்க மாட்டான். சீட்டு இருந்த இடத்துல ஆளுங்களைக் கொண்டுவந்து வெப்பாங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

குற்றவாளியைக் கண்டுபிடிக்கும்போது உள்ளே ஒரு சின்ன சந்தோஷம் வரும். இருபது வருஷமாக அதற்காகவே வேலை பார்த்தவள் அவள். இப்போது அது வரவில்லை. உன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. முழுக்க உண்மையாக இல்லாததை அவனிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தாள். சாமான் அறையிலிருந்து எழுப்பிக் கூட்டிவந்த அன்று எவ்வளவு சிரித்தார்கள்!

தம்பிதான் முதலில் நகர்ந்தான்.

"மணி ஒண்ணரைகூட ஆகலை. நாலு வரைக்கும் இருக்கு. வாக்கா."

அதற்குப் பிறகு அந்த ஆபீஸ் நடந்த வேகத்தை அக்கா எந்தக் கேஸிலும் பார்த்ததில்லை. தம்பி தாடியிடம் ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டான். தாடி பேந்தப் பேந்த விழித்தார். திட்டுவதற்கு நேரமில்லாததால் கீபோர்டைக் கொடுத்தார். ரோபோ ஒன்று ஐம்பது வரை எழுந்திருக்காது என்பதால் தம்பி முதலில் அதன் தூக்கத்தை அழித்தான். பிறகு 'அப்புறம்' ஃபைலைக் காலி செய்து, வெள்ளிக்கிழமை எடுத்த பழைய நகல் மேலேயே சோதனையை ஓட்டினான். ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே திரையில் பதினோரு சிவப்பு விழுந்தது.

"சிவப்பைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன்னு நினைக்கலை" என்றாள் குருவி. மணி இல்லாத பதிவுக்கு, பதிந்த நாளின் தேதியையே எடுத்துக்கொள்ளும்படி இரண்டு வரி திருத்தினாள். தம்பி ஒவ்வொரு எழுத்தாகக் கூடவே படித்தான். மறுபடி ஓட்டினார்கள். நாற்பது நிமிஷம் நான்கு பேரும் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாற்பதுக்குப் பச்சை. இந்த முறை நான்கு பேரும் முதலில் பார்த்தது அடியில் இருந்த எண்ணை. ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு.

"எட்டு ஆஸ்பத்திரியும் சம்மதிக்கணும்" என்று தாடி போனை எடுத்தார். அவர் இவ்வளவு கெஞ்சுவார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கடைசிக் கையெழுத்து விழுந்தபோது மூன்று பத்து. குருவி சின்னக் குரலில் கத்தினாள். அக்கா போனில் தையல்காரம்மாவின் எண்ணை எடுத்தே விட்டாள்.

"இரு அக்கா, போடாதே" என்றான் தம்பி.

திரையில் ஒரு வரி வந்திருந்தது. மாற்றம் ஏற்கப்பட்டது. நடைமுறைக்கு வரும் நேரம்: வியாழன், மூன்று பத்து.

"வியாழனா? இன்னிக்குச் செவ்வாய்!"

"ரெண்டு நாள் காத்திருக்கணும் மேடம்" என்றார் தாடி. "யாரும் அவசரப்பட்டு எதையும் மாத்திடக் கூடாதுன்னு எட்டுப் பேரும் சேர்ந்து வெச்ச விதி. நெருக்கடியில எனக்கு மறந்தே போச்சு."

"அதைக் குறைங்க!"

"குறைக்கறதுக்கும் எட்டுப் பேர் சம்மதிக்கணும். சம்மதிச்சாலும் அது நடைமுறைக்கு வர ரெண்டு நாள் ஆகும்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் கைவைக்க முடியாது என்பதுதான் அந்தப் பிளாக்செயினின் பெருமை. அதைப் பராமரிக்கிறவரே இப்போது அதன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அக்கா நேராக அறுவை சிகிச்சை டாக்டருக்கே போன் போட்டாள். மூன்று இருபத்தைந்துக்கு எடுத்தார். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொல்றதை நம்பறேம்மா" என்றார். "அவரை எனக்கு ஆறு வருஷமா தெரியும். என் வீட்டுப் பூட்டு ரெண்டு அவர் சரிபண்ணினதுதான். ஆனா லிஸ்ட் என்ன சொல்லுதோ அதைத்தான் நான் செய்ய முடியும். இன்னிக்கு நான் நல்லதுக்காக மீறினா, நாளைக்கு இன்னொருத்தர் எதுக்காக மீறுவார்னு யாருக்குத் தெரியும்? அந்தக் கண்டக்டரம்மாவைக் கூப்பிட்டாச்சு. ரெண்டு பொண்ணுங்களோட கீழ வந்து உட்கார்ந்திருக்காங்க. நான் போய் அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

"வெச்சிடறேன் டாக்டர்" என்றாள் அக்கா. ஒரு கேஸை முழுக்கத் துலக்கிவிட்டு, இப்படி வெறுங்கையோடு நின்றது அவளுக்கு இதுவே முதல் தடவை.

டயாலிசிஸ் பிரிவில் மணி நாலு பத்து. ஆறு நாற்காலி, ஆறு மெஷின். ஜன்னல் ஓர நாற்காலியில் பூட்டுக்காரர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். கையிலிருந்து இரண்டு குழாய் மெஷினுக்குப் போனது. பக்கத்தில் தையல்காரம்மா, கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்க, ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள்.

"கிடைச்சிடுச்சாக்கா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி முன்னால் வந்தான். வழியில் காரில் அவன் கேட்ட ஒரே விஷயம், இதை நான்தான் சொல்வேன் என்பது. சொன்னான். சினிமா சீட்டு, மூன்று தடவை, மத்தியானத் தூக்கம், வியாழக்கிழமை. எதையும் குறைக்கவில்லை, எதற்கும் சமாதானம் சொல்லவில்லை. தையல்காரம்மா டேப்பின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்போ வேணும்னு யாரும் செய்யலையா?"

"இல்லம்மா."

"யாராவது வேணும்னு செஞ்சிருந்தாத் தேவலைங்க" என்றாள். "வாய் நிறையத் திட்டறதுக்கு ஒரு ஆளாவது கிடைச்சிருக்கும்."

"என்னைத் திட்டுங்கம்மா."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். திட்டத்தான் பார்த்தாள் என்று அக்காவுக்குத் தோன்றியது.

"உங்களுக்கு எங்களைத் தெரியவே தெரியாதேப்பா" என்றாள் கடைசியில். "உங்களை என்னன்னு திட்டறது?" பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். "வியாழக்கிழமை திரும்ப முதல் ஆளா வந்துடுவாராக்கா?"

"வந்துடுவார்மா. அதுல சந்தேகமே இல்ல."

"அடுத்தது எப்போ வரும்?"

அது யாருக்கும் தெரியாது. இந்த முறை அக்கா 'பார்க்கறேன்' என்று சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான் முடிந்தது.

பேச்சுச் சத்தத்தில் பூட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். புது ஆட்களைப் பார்த்து, வலிக்காத கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு வணக்கம் வைத்தார்.

"என்னவாம்? ஏதாவது சொன்னாங்களா?"

தையல்காரம்மா அவர் போர்வையை இழுத்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் இருக்க அவள் பட்ட பாட்டை அவர் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்லைங்க. லிஸ்ட்ல ஏதோ சின்னக் குழப்பமாம். சரிபண்ணிட்டாங்களாம். அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க."

"சரி" என்றார் அவர். ஆறு வருஷம் இரண்டு மாதமாக அதைக் கேட்டுப் பழகியவர். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பி வெளியே போய்விட்டான். அக்கா தேடிக்கொண்டு வந்தபோது வராந்தா பெஞ்சில் முழுக்க முழுக்க விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.